அறுபது மில்லி

இருமல் மருந்து பாட்டிலின் தலையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் மூடி வருமே, பத்து மில்லிக்குக் கோடு போட்டது, அதுதான் அத்தையின் அளவு. ஒரு குச்சி ஐஸ் அச்சுக்கு ஆறு மூடி. கடைசி மூடியைச் சாய்க்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். ஒரு சொட்டு வெளியே சிந்தினாலும் அச்சைக் கிண்ணத்தில் கவிழ்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள்.

"ஒரு சொட்டுதானே அத்தை?"

"அது ஒரு சொட்டா, ஒன்றரைச் சொட்டான்னு நீ பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. அவளும்தான் பார்க்கவில்லை. அதனால்தான் கவிழ்த்தாள்.

அத்தைக்கு வேலை பள்ளிச் சீருடை வெட்டுவது. இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் கடை. அங்கே ஏழு பேர் தைப்பார்கள், அத்தை ஒருத்திதான் வெட்டுவாள். ஒரு பையன் வந்து நின்றால் அவன் இடுப்பு எத்தனை அங்குலம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வாள். சொல்லிவிட்டு டேப்பையும் எடுத்து அளப்பாள். கண் சொன்னதும் டேப் சொன்னதும் ஒன்றாக இருந்தால் அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து போகும். இருபது வருஷத்தில் ஒரு துணியைக்கூட வீணாக்கியதில்லை என்று கடைக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அத்தைக்கு அதைக் கேட்கப் பிடிக்காது. ஆனால் அந்த நேரம் பார்த்து கத்தரிக்கோலை ஓட்டவும் மாட்டாள்.

மாமா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்தவர். பழகுகிறவர் பக்கத்தில், தன் காலடியில் இன்னொரு பிரேக்கோடு, இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தார். எங்கள் பகுதியில் பாதிப் பேருக்கு வண்டி சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். 'ரெண்டாம் பிரேக்' என்று பட்டப்பெயர். யாராவது அவரைத் தாண்டி வண்டியில் போனால் முதுகை நிமிர்த்திக்கொண்டு போவார்கள். ரத்த அழுத்தத்தை ஒருநாளும் பரிசோதித்துக்கொள்ளாமல் இருந்தவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய் இரண்டு வருஷம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். உடம்பில் சேர்ந்த தண்ணீரை மெஷின் நாலு மணி நேரம் இழுத்து எடுக்கும். வாயைக் கட்டிக்கொள்வது மீதி நாட்களின் வேலை. ஒரு நாளைக்கு எழுநூற்றைம்பது மில்லி, அதற்குள் டீ, ரசம், மாத்திரைத் தண்ணீர் எல்லாம் அடக்கம்.

இதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் உணவு பற்றிச் சொல்கிற பெண், அவரை டயட் மேடம் என்பார்கள், முதல் நாளே ஒரு தாளைக் கொடுத்து அத்தையிடம் சொல்லியிருந்தார்:

"தண்ணி கூடினா மூச்சு வாங்கும், வீங்கும், தெரிஞ்சிடும். பொட்டாசியம் கூடினா ஒண்ணும் தெரியாது. வலிக்காது. இதயம் அப்படியே நின்னுடும். அது பழத்துல இருக்கு, காய்ல இருக்கு. பாத்துக்கோங்க."

அத்தை பார்த்துக்கொண்டாள். தாளை மனப்பாடம் செய்தாள், மடித்து ஃபைலில் வைத்தாள். யாருக்கும் படித்துக் காட்டவில்லை. சொன்னால் ஆளாளுக்கு ஒன்று சொல்லிக் குழப்புவார்கள் என்பது அவள் எண்ணம். மாமா கேட்கவும் இல்லை. "அவளுக்குத் தெரியும், எனக்கெதுக்கு?" என்று விட்டுவிட்டார். அவருக்கு நோய் என்றால் தண்ணீர்தான்.

டயாலிசிஸ் பிரிவில் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி சொல்லித்தான் அத்தை ஐஸுக்கு வந்தாள். அறுபது மில்லி தண்ணீர் தொண்டைக்கு ஒரே மடக்கு, போன இடம் தெரியாது. அதையே உறையவைத்துக் குச்சியில் கொடுத்தால் இருபது நிமிஷம் நிற்கும். முதல் முறை சர்க்கரை போடாமல் வைத்தாள். கல்லாகி, மாமாவின் உதட்டில் ஒட்டிக்கொண்டு தோலோடு வந்தது. அடுத்த முறை சர்க்கரை கூடிப்போய் உறையவே இல்லை. மூன்றாம் வாரத்தில் கை பிடிபட்டது. ஆப்பிளைத் தோல் சீவி, நகத்தளவு துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போடுவாள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்டிவிட்டு, மசித்து, மெல்லிய துணியில் வடிகட்டுவாள். அளவாகச் சர்க்கரை, நாலு சொட்டு எலுமிச்சை. சில நாள் அன்னாசி. பால், தயிர் வாசனையே கிடையாது. பால் சேர்ந்தால் மாமாவுக்கு இரவெல்லாம் கால் அரிக்கும், அதற்கும் தாளில் காரணம் இருந்தது. காலை ஒன்று, மாலை ஒன்று. இரண்டையும் தண்ணீர் அளவில் கழித்துவிடுவாள்.

"பாரு மாப்ள, உங்க அத்தை என்னை ஃபர்ஸ்ட் கியர்லயே ஊர் சுத்தச் சொல்றா" என்பார் மாமா, குச்சியைத் திருப்பித் திருப்பி நக்கிக்கொண்டே. குச்சி காய்ந்த பிறகும் பல்லிடுக்கில் வைத்திருப்பார்.

நானும் அம்மாவும் மாடியில் இருந்தோம். மாமா அம்மாவின் தம்பி, பன்னிரண்டு வயது இளையவர், அவள் இடுப்பில் வளர்ந்தவர். அம்மா ஒரு மாணவியர் விடுதியில் சமைக்கிறாள். அவளுடைய அளவெல்லாம் கரண்டி, கை, அண்டா. நூறு பேருக்குப் பசியாற்றிவிட்டு மதியம் வீட்டுக்கு வருவாள். வந்ததும் கீழே எட்டிப் பார்ப்பாள். அப்படி ஒருநாள் பார்த்ததுதான் அந்த ஐஸை.

"என்னடா இது, தொவைச்சுத் தொவைச்சுச் சாயம் போன துணி மாதிரி? பழத்தோட நெறமே இல்லியே."

"நெறம் தண்ணியோட போயிடும் அண்ணி" என்றாள் அத்தை.

"சத்தும்தான் போயிடும்."

"அது போகணும்னுதான்…" அத்தை தொடங்கினாள். அப்போது கடையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அந்த வாக்கியம் அங்கேயே நின்றது.

அம்மா மாடிக்கு வந்து நெடுநேரம் புலம்பினாள். "கட்டின பொண்டாட்டி ஒரு பழத்த முழுசா குடுக்க மாட்டேங்கறா. சக்கைய ஊற வெச்சு சக்கைய வேக வெச்சுக் குடுக்கறா. இவன் அதையும் நாக்கத் தொங்கப் போட்டுட்டு வாங்கித் திங்கறான்."

மறுநாள் அவளே செய்தாள். நன்றாகப் பழுத்த மாம்பழம் ஒன்று, வாழைப்பழம் ஒன்று, தண்ணீருக்குப் பதில் இளநீர். "பால் சேக்கல, உப்பு சேக்கல. அவ ரூல் எல்லாம் கேட்டுட்டேன், போதுமா?" என்று என்னிடம் சொன்னாள். அச்சு இல்லாததால் எவர்சில்வர் டம்ளர். ஐஸ் குச்சி இல்லாததால் ஸ்பூனைத் தலைகீழாக நட்டாள். அத்தை காலையிலும், மதியம் இரண்டிலிருந்து நாலு வரையிலும் கடையில் இருப்பாள். நான் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடை தெருமுனையில். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவேன். டம்ளரைத் துண்டில் சுற்றிக் கீழே கொண்டுபோகிற வேலை என்னுடையதானது.

முதல் நாள் மாமா துண்டைப் பிரித்து, அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு இருக்கும் மாப்ள?"

"ஒரு டம்ளர், மாமா. நூத்தம்பது."

"அப்ப சாயங்காலம் டீ வேணாம். உங்கத்தை அளந்து வெக்கற தண்ணியில பாதிய செடிக்கு ஊத்திடறேன். சரியாப் போச்சா?"

சரியாகப் போய்விட்டதாகத்தான் இரண்டு பேரும் நினைத்தோம். அதைச் சாப்பிடும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு வருஷமாகப் பார்க்காத ஒரு முகம் அது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அம்மா படியில் நின்று ரகசியமாகக் கேட்பாள்: "சாப்ட்டானா? என்ன சொன்னான்?" ஒரு வாரம் போனதும் ஒன்று இரண்டானது.

மாமா சொன்ன சொல் தவறவில்லை. எடை கூடவில்லை. வெள்ளிக்கிழமை எடை மெஷினில் ஏறினால் ஒன்றரைக் கிலோதான் ஏற்றம். "சார் டிஸ்டிங்ஷன்ல பாஸ்! வீட்ல மேடம் கை வண்ணம்!" என்று டெக்னீசியன் கத்தினான். அத்தை கொண்டை ஊசியைக் கழற்றி மறுபடி அதே இடத்தில் குத்திக்கொண்டாள். அவள் சந்தோஷப்படுவது அப்படித்தான்.

பதினோராம் நாள் செவ்வாய்க்கிழமை. ஆட்டோ வாசலில் நின்றது. மாமா வாசற்படியில் நின்றபடி இறங்காமல் இருந்தார்.

"என்னங்க, வாங்க."

"கால் கேக்க மாட்டேங்குது."

"மரத்துப் போச்சா?"

"இல்ல. தூக்கச் சொல்றேன், தூக்க மாட்டேங்குது."

ஆட்டோக்காரரும் நானும் தூக்கிக்கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர் ஒட்டி எடுத்த படத்தைப் பார்த்த டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டு நடையை வேகமாக்கினார். பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்பது. ஏதோ ஊசிகள் போட்டு நேராக மெஷினில் போட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால் என்று ஆரம்பித்த நர்ஸ், அத்தையைப் பார்த்து அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

டயட் மேடம் கட்டிலருகே வந்தார். "வீட்ல யாரு சமைக்கறது?"

அத்தை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள்.

"இளநீர் குடுத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"வாழைப்பழம்?"

"வாங்கறதே இல்ல."

"மாம்பழம்? ஒரு துண்டாவது?"

"இல்ல மேடம். சத்தியமா இல்ல."

மூன்று கேள்வி. மூன்றும் என் கையால் துண்டில் சுற்றிப் போனவை. நான் தூண் பக்கத்தில் நின்றிருந்தேன். மாமாவைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார், இமை துடித்துக்கொண்டிருந்தது. தூங்கவில்லை.

"அப்ப நீங்க செய்யற முறையிலதான் தப்பு இருக்கு. ஊற வெச்ச தண்ணிய நெஜமாவே கொட்டறீங்களா?"

அத்தை வாயைத் திறந்தாள். கொட்டுகிறேன் என்று சொல்ல வந்தவள், "கொட்டினேன்னுதான் நெனைக்கறேன்" என்றாள்.

புதன்கிழமை மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்ததும் அத்தை உறைபெட்டியைத் திறந்து ஆறு அச்சையும் தொட்டியில் கவிழ்த்துச் சுடுதண்ணீர் ஊற்றினாள். ஐஸ் செய்வது நின்றது. சமைத்த காயைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுப் பாதிக்குப் பாதி வெளியே போட்டாள். பாத்திரத்துத் தண்ணீரைக் கொட்டிய பிறகு மறுபடி வந்து பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். வியாழக்கிழமை காலை கடையில் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டாள். கடைக்காரர் சிரித்து, "இருபது வருஷத்துக்கு ஒண்ணு, போனாப் போகுது" என்றார். அத்தை கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலமே நான் மாமாவிடம் கேட்டிருந்தேன். "சொல்லிடலாம் மாமா."

"வேணாம். அக்கா தாங்க மாட்டா. தன் கையால தம்பிய…" உதட்டை நக்கினார், ஈரமே இல்லை. "விடு. இனிமே கொண்டு வராத. முடிஞ்சுது."

"அத்தை தன்னோட தப்புன்னு நெனச்சிட்டு இருக்காங்க."

"அவ தாங்குவா."

அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது அவர் பேசிய பேச்சிலேயே மோசமான பேச்சாகப் பட்டது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். அம்மாவிடம் நிறுத்தச் சொல்வதற்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டுமே. அதுவும் வாயில் வரவில்லை.

வியாழன் மதியம் அம்மா இரண்டு டம்ளரை எடுத்து வைத்தாள். "கீழ இப்ப ஐஸுகூடக் குடுக்கறதில்லியாமே. ஆஸ்பத்திரில இருந்து கருவாடா காஞ்சு வந்திருக்கான். ஓடு, உருகிடப் போவுது."

படியில் இறங்கினேன். எங்கள் வீட்டுப் படி பதினாலு. ஒன்பதாவது படியில் நின்றேன். துண்டின் குளிர் உள்ளங்கையைக் கடித்தது. மாமாவின் அறை இடது பக்கம், சமையலறை வலது பக்கம். உள்ளே அத்தை சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை.

போய் மேசையில் வைத்துத் துண்டைப் பிரித்தேன்.

அத்தை முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு அந்த மஞ்சள். விரலால் ஓரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தாள். இன்னொரு முறை வைத்தாள்.

"இளநி" என்றாள். "மாம்பழம். வாழப்பழம்." டயட் மேடம் கேட்ட அதே குரல். "எத்தன நாளா?"

"பதினொரு நாள்."

"நீயா கொண்டாந்த?"

தலையாட்டினேன்.

"அன்னிக்கு அங்க நின்னுட்டு இருந்தல்ல, தூண்கிட்ட?"

"ஆமாம்."

அடித்திருந்தால் தேவலை. எழுந்து, டம்ளரை எடுத்துக்கொண்டு மாமாவின் அறை வாசலில் போய் நின்றாள்.

"உங்களுக்குத் தெரியும்."

மாமா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இங்க பாரு, நான்தான் கேட்டேன். அக்கா மேல ஒண்ணும்…"

"பொட்டாசியம்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. சரி. செவ்வாக்கெழம தெரிஞ்சுதுல்ல? எல்லாக் கேள்வியும் காதுல விழுந்துச்சுல்ல? ரெண்டு நாளா என் கையையே நான் சந்தேகப்பட்டுட்டு இருக்கேன். பாத்துட்டுப் படுத்திருந்தீங்க."

டம்ளரிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அத்தை அதைப் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு அம்மா இறங்கி வந்தாள். டம்ளர் யார் கையில் இருக்கிறது என்று பார்த்ததும் பாய்ந்தாள்.

"என்ன இப்ப? பழம்தானே குடுத்தேன்? வெஷமா குடுத்தேன்? பொறந்ததுலருந்து அவனுக்கு ஊட்டினவ நான்!"

அத்தை சத்தம் போடவில்லை. அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்தாள். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த தாளை அம்மா கையில் கொடுத்தாள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். நாங்கள் மூன்று பேரும் அவள் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். 'கூடவே கூடாது' என்ற தலைப்புக்குக் கீழே முதல் வரி இளநீர். அடுத்தது வாழைப்பழம். அம்மா மூன்றாவதை வாய்விட்டுப் படிக்கவில்லை.

"இத ஏன் எனக்குக் காட்டல?" என்றாள். குரல் அடங்கிப்போயிருந்தது. "இத ஏன் நீ யாருக்கும் காட்டல?"

அத்தை தாளை வாங்கி மடித்தாள். அம்மா மாடியேறிப் போனாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆட்டோ வந்தபோது அம்மா ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தாள். விடுதிக்கு லீவு சொல்லிவிட்டாள். யாரும் வா என்று கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பின்னால் மாமாவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நான் ஓட்டுநர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டேன்.

ஊசி குத்தி மெஷின் ஓடத் தொடங்கியதும் டயட் மேடம் வந்தார். அவர் ஃபைலைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் போய் நின்றாள்.

"நான்தான் குடுத்தேன். இளநி, மாம்பழம், வாழப்பழம், எல்லாம். இவ இல்ல. இவ எல்லாம் சரியாத்தான் செஞ்சா."

டயட் மேடம் அம்மாவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், ஏதோ எழுதினார். "சரிம்மா. இனிமே குடுக்காதீங்க." அவ்வளவுதான். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று அம்மா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அத்தை மெஷினில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்த குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொட்டாசியம் ஐந்து புள்ளி மூன்றாக இறங்கியிருந்தது. நாலு மணி நேரம் முடிந்து திரும்பும்போது மாமா வெயிலில் போட்ட பழந்துணி மாதிரி கிடந்தார். பாலத்தருகே வண்டி நெரிசலில் நின்றது. உதட்டைப் பிரித்து மெதுவாகக் கேட்டார்:

"வீட்ல ஐஸ் இருக்கா?"

"இல்ல" என்றாள் அத்தை. அவர் பக்கம் திரும்பவில்லை. "ஊறப் போடணும். நாளைக்குத்தான்."

மாமா தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். வண்டி நகர்ந்தது, மறுபடி நின்றது.

"தோலோடயா ஊறப் போடுவ?" அம்மா வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

பாலம் முழுக்கக் கடந்து, கறிகாய்க் கடைகளைத் தாண்டி, எங்கள் தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் அத்தை வாயைத் திறந்தாள்.

"சீவிட்டு."

கொஞ்சம் பொறுத்து, "சின்னச் சின்னதா நறுக்கணும்" என்றாள்.